வடகோடி வௌவால்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய பனிநாடுகளில் வௌவால் இருக்கிறதா?

இருக்கிறது. தப்பித் தவறிப் பறந்து வந்தவை மட்டுமல்ல, அங்கேயே குட்டி போட்டு வளர்ப்பவையும் உண்டு. ஆர்க்டிக் வட்டம் ஏறத்தாழ 66.5 டிகிரி வட அட்சரேகையில் ஓடுகிறது. நார்வேயில் 69 டிகிரி வரை போய்க் குடும்பம் நடத்தும் ஓர் இனம் உண்டு. அதன் பெயர் வடக்கு வௌவால், அறிவியல் பெயர் எப்டெசிகஸ் நில்சோனி. ஸ்வீடன் விலங்கியலாளர் ஸ்வென் நில்சனின் நினைவாக 1839இல் வைத்த பெயர் அது. உலகில் இவ்வளவு வடக்கே இனப்பெருக்கம் செய்யும் வௌவால் வேறில்லை. ஸ்காண்டிநேவியாவில் தொடங்கி சைபீரியா வழியாக ஜப்பானின் ஹொக்கைடோ வரை இது பரவியிருக்கிறது. எடை பத்துப் பன்னிரண்டு கிராம். கருமையான முதுகு மயிரின் நுனிகள் மட்டும் பொன்னிறமாக மின்னும்.

வட அமெரிக்காவில் அந்த இடம் சிறு பழுப்பு வௌவாலுடையது. அலாஸ்காவின் உள்பகுதியில், ஏறத்தாழ 65 டிகிரியில் இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் பக்கமும் அது வாழ்கிறது. கனடாவின் யூக்கானிலும் வடமேற்குப் பிரதேசங்களிலும் உண்டு.

ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் நிலையாக வாழும் வௌவால் கிடையாது. வட அமெரிக்காவின் நரைநிற வௌவால் எப்போதாவது காற்றில் அடித்துக்கொண்டு ஐஸ்லாந்தில் வந்து விழுவதுண்டு.

வடக்கே போகப் போக இனங்கள் குறைகின்றனவா?

வேகமாகக் குறைகின்றன. ஸ்வீடனில் 19 இனங்கள் பதிவாகியிருக்கின்றன, பின்லாந்தில் 13. பின்லாந்திலும் பெரும்பாலானவை தென்பகுதியோடு நின்றுவிடுகின்றன. வடகோடியான லாப்லாந்துக்குள் நுழைந்தால் வழக்கமாகக் கண்ணில் படுவது வடக்கு வௌவால் ஒன்றுதான். அலாஸ்காவிலும் இதே கதை: தென்கிழக்குக் கடலோர மழைக்காடுகளில் பல இனங்கள், உள்நாட்டில் சிறு பழுப்பு மட்டும்.

கடுங்குளிர்தானே அவற்றுக்குப் பெரிய எதிரி?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் குளிரின் கடுமையைவிடக் குளிர்காலத்தின் நீளம்தான் பாடாய்ப் படுத்துகிறது. பூச்சி தின்னும் வௌவாலுக்குப் பூச்சி பறக்காத மாதங்களில் வருமானமே இல்லை. இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பு ஒன்றே சேமிப்பு. யூக்கானிலும் அலாஸ்காவின் உள்பகுதியிலும் அந்தச் சேமிப்பை வைத்துக்கொண்டு ஏழெட்டு மாதம் ஓட்ட வேண்டும்.

அதற்கான வழி குளிர்கால உறக்கம். உடல் வெப்பத்தைச் சுற்றுப்புற வெப்பத்துக்குப் பக்கத்தில், பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே, இறக்கிக்கொள்கிறது. பறக்கும்போது நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கும் இதயம் பத்து இருபது துடிப்புக்கு வந்துவிடுகிறது. மூச்சு விட்டுவிட்டு வரும்.

ஆனால் இது ஒரே மூச்சான தூக்கம் இல்லை. சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒருமுறை உடலைச் சூடேற்றிக்கொண்டு விழித்து, சில மணி நேரம் இருந்துவிட்டு மறுபடி அடங்கும். குளிர்காலம் முழுவதற்குமான கொழுப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்தச் சின்னச் சின்ன விழிப்புகளிலேயே கரைந்துபோகிறது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் நோய், குகைக்குள் மனிதர் நுழைவது, பருவநிலை ஆகிய எல்லாமே ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது தானாக விளங்கும்.

ஹம்ஃப்ரீஸ், தாமஸ், ஸ்பீக்மன் ஆகிய மூவரும் 2002இல் நேச்சர் இதழில் இந்தக் கணக்கைச் சிறு பழுப்பு வௌவாலுக்குப் போட்டுக் காட்டினார்கள். எவ்வளவு கொழுப்பு சேர்க்க முடியும், குளிர்காலம் எவ்வளவு நீளம், உறங்குமிடத்தின் வெப்பம் எவ்வளவு என்ற மூன்றையும் வைத்தே அது எவ்வளவு வடக்கே வாழ முடியும் என்பதைப் பெருமளவு கணித்துவிடலாம் என்றார்கள்.

குளிர்காலத்தில் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன?

ஆயிரக்கணக்கில் ஒன்றாகத் தொங்கும் இடங்கள் உண்டு. டென்மார்க்கின் மொன்ஸ்டெட் சுண்ணாம்புச் சுரங்கங்களில் பல்லாயிரம் வௌவால்கள், பெரும்பாலும் டாபென்டன் வௌவாலும் குளத்து வௌவாலும், குளிர்காலத்தைக் கழிக்கின்றன. கனடாவில் ஃபோர்ட் ஸ்மித் அருகே ஒரு குகையிலும் இப்படி ஒரு பெருங்கூட்டம் தங்குகிறது.

ஆனால் வடக்கின் பெரும்பகுதியில் குகையும் இல்லை, சுரங்கமும் இல்லை. கோடையில் பறந்து திரிந்த வௌவால்கள் குளிர்காலத்தில் எங்கே மாயமாயின என்பது நெடுங்காலப் புதிர். அலாஸ்காவின் ஜூனோ அருகே சிறு பழுப்பு வௌவால்களின் முதுகில் குட்டி ரேடியோக் கருவிகளை ஒட்டிப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், 2021இல் வெளியான கட்டுரையில் விடை சொன்னார்கள். அவை மலைச்சரிவில் உருண்டு குவிந்த பாறைத் துண்டுகளின் இடுக்குகளிலும், மரவேர்களுக்கும் அடிமரக் கட்டைகளுக்கும் கீழே உள்ள பொந்துகளிலும் ஒன்றும் இரண்டுமாக நுழைந்து உறங்கியிருக்கின்றன. மேலே பனி போர்த்தியிருக்கும், உள்ளே உறைநிலைக்குக் கீழே போகாது. பின்லாந்திலும் கற்குவியல்களுக்குள் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

பாதுகாப்புப் பணிக்கு இது சங்கடமான செய்தி. குகை என்றால் வாசலில் கம்பிக் கதவு போடலாம், உள்ளே போய்த் தலையெண்ணலாம். ஒரு மலைச்சரிவு முழுக்க ஒன்றிரண்டாகச் சிதறியிருப்பதை யார் எண்ணுவது? கல் வெட்டவோ சாலை போடவோ அந்தச் சரிவைத் தோண்டும்போது அங்கே ஏதோ உறங்கிக்கொண்டிருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போகும். ஆனால் நோய் பரவும் கோணத்தில் பார்த்தால் இந்தச் சிதறலே நன்மையாகலாம்.

சூரியனே மறையாத கோடையில் இரவாடிகள் எப்படி வேட்டையாடும்?

எனக்கு இந்தத் தலைப்பிலேயே மிகவும் பிடித்த கேள்வி இது. 69 டிகிரியில் கோடை நடுவில் பல வாரம் இருட்டே கிடையாது. இருட்டில்லை என்றால் நேரக் கட்டுப்பாடு எதற்கு, எந்நேரமும் வேட்டையாடலாமே என்று தோன்றும். பகலில் பறக்கும் பூச்சியும் நிறைய. ஆனாலும் வௌவால்கள் அப்படிச் செய்வதில்லை.

ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் 69 டிகிரியில் நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. அங்குள்ள வௌவால்கள் நள்ளிரவை ஒட்டிய சில மணி நேரத்தில்தான் வெளியே வந்தன. வானத்தில் சூரியன் இருக்கும்போதும், அது மிகத் தாழ்ந்திருக்கும் வேளையையே தேர்ந்தெடுத்தன. பகல் முழுக்கப் பூச்சி பிடித்த தகைவிலான் குருவிகள் ஓய்வுக்குப் போயிருந்த நேரமும் அதுவே.

இவ்வளவு கூச்சம் எதற்கு? பகல் வெளிச்சத்தில் பறக்கும் வௌவாலை வல்லூறு வகைப் பறவைகளும் கடற்காகங்களும் எளிதில் அடித்துவிடும். பூச்சி பிடிப்பதில் பகல் பறவைகளோடு போட்டி போடுவதும் கடினம். கூடுதலாகக் கிடைக்கும் நாலு பூச்சிக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்பதே வௌவாலின் கணக்கு. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்குப் பசி மிக அதிகம். அவளும் இந்தச் சுருங்கிய நேரத்துக்குள்தான் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

என்ன சாப்பிடும்?

பெரும்பாலும் கொசு, ஈ வகைகள், சிறு அந்துப்பூச்சிகள். வடக்கு வௌவால் மனிதக் காதுக்கு எட்டாத ஏறத்தாழ 30 கிலோஹெர்ட்ஸ் மீயொலியை எழுப்பி, எதிரொலியை வைத்து இரையைக் கண்டு, திறந்த வெளியில் பறந்தபடியே பிடிக்கும். அலாஸ்காவின் சிறு பழுப்பு வௌவால்கள் சிலந்திகளையும் தின்கின்றன. சிலந்தி பறப்பதில்லை, ஆகவே இலையிலிருந்தோ வலையிலிருந்தோ அதைக் கொத்தி எடுத்திருக்க வேண்டும். குளிரான இரவில் பறக்கும் பூச்சி குறைந்தாலும், உட்கார்ந்திருக்கும் இரை கிடைக்கும். தெற்கே காற்றில் பறக்கும் பூச்சியை நம்பி வாழும் ஓர் இனம் வடக்கே வந்ததும் பிழைப்பை மாற்றிக்கொள்கிறது.

குட்டி வளர்க்க இவ்வளவு குறுகிய கோடை போதுமா?

மயிரிழையில் போதும். அதற்காக ஒரு வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகின்றன. இணைசேர்வது இலையுதிர் காலத்தில். விந்தணுக்களைப் பெண் தன் கருப்பைக்குள் குளிர்காலம் முழுக்கப் பாதுகாத்து வைத்திருக்கும். வசந்தத்தில் விழித்த பிறகே கருத்தரிக்கும். துணை தேட ஒரு நாளும் வீணாவதில்லை.

பிறகு பெண்கள் மட்டும் கூடி ஒரு வெதுவெதுப்பான இடத்தைப் பிடிக்கும். வடக்கில் அது பெரும்பாலும் மனிதரின் வீடுதான்: மரவீட்டின் கூரை இடுக்கு, புகைபோக்கியை ஒட்டிய சந்து. சூடான இடத்தில் கரு விரைவாக வளரும், குளிர்ந்தால் தாய் உடல் வெப்பத்தை இறக்கி மந்தநிலைக்குப் போய்விடும், கருவின் வளர்ச்சியும் தள்ளிப்போகும். குளிரான கோடையில் பிறப்பு தாமதமாகும். தாமதமாகப் பிறந்த குட்டிக்குக் கொழுப்பு சேர்க்க அவகாசம் இருக்காது. அப்படிப்பட்ட குட்டிகளில் பல முதல் குளிர்காலத்தைத் தாண்டாது.

பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே குட்டி. எலி அளவு உடம்புக்கு இது மிக மெதுவான பெருக்கம். அதை ஈடுகட்டுவது ஆயுள். சைபீரியாவில் அடையாள வளையம் மாட்டி விட்ட பிராண்ட் வௌவால் ஒன்று 41 ஆண்டு கழித்து மறுபடி பிடிபட்டது. அதன் எடை ஏழு கிராம் அளவுதான். இந்த இனத்தின் மரபணுத் தொகுதியை 2013இல் படித்து வெளியிட்டதற்கு அந்த ஆயுளும் ஒரு காரணம்.

மெதுவான பெருக்கமும் நீண்ட ஆயுளும் சேர்ந்தால் விளைவு இது: முதிர்ந்த பெண்களை இழந்த கூட்டம் மீண்டெழப் பல பத்தாண்டுகள் ஆகும்.

விளக்கு வெளிச்சம் வௌவாலுக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும் சொல்கிறார்களே.

இரண்டிலும் உண்மை உண்டு, எந்த இனம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

வடக்கு வௌவால் வேகமாக, உயரத்தில் பறப்பது. பழைய பாதரச ஆவித் தெருவிளக்குகள் நீலமும் புறஊதாவும் கலந்த வெண்ணொளி தந்தன. பூச்சிகள் அவற்றை மொய்த்தன. ஸ்வீடனின் வௌவால் ஆய்வாளர் யென்ஸ் ரைடெல் 1980களிலிருந்து இதைத் தொடர்ந்து கவனித்தார். குறிப்பாக வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வடக்கு வௌவால்கள் அந்த விளக்குகளைச் சுற்றியே வேட்டையாடின. பொதுவாக வௌவாலின் மீயொலி கேட்டதும் அந்துப்பூச்சி சடாரென்று விலகி விழும். வெண்ணொளி விளக்கடியில் அந்தத் தற்காப்பு மழுங்கிவிடுகிறது, அதனால் வேட்டை இன்னும் எளிது.

இதை வைத்து விளக்கு நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பழுப்பு நெடுங்காது வௌவாலைப் பாருங்கள். அகன்ற சிறகு, மெதுவான பறப்பு. வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். ஸ்வீடனின் நாட்டுப்புறத் தேவாலயங்களின் கூரைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பது. தென்மேற்கு ஸ்வீடனில் 61 தேவாலயங்களை 1980களில் ஒருமுறையும் 2016இல் மறுமுறையும் ரைடெல் குழு பார்வையிட்டது. முதலில் 61 சதவீதத் தேவாலயங்களில் வௌவால் கூட்டம் இருந்தது, பின்னர் 38 சதவீதத்தில் மட்டுமே. கூட்டம் வெளியேறிய இடங்களிலெல்லாம் இடைப்பட்ட காலத்தில் கட்டடத்தை அழகாகக் காட்டும் ஒளிவிளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. விளக்கு போடாத தேவாலயங்களில் பழைய கூட்டங்கள் அப்படியே இருந்தன.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பழைய கட்டடத்தை இரவில் எடுப்பாகக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் நாலாபுறமும் ஒளி பாய்ச்சினால் கூட்டம் வெளியே வரும் ஓட்டைக்கு முன்னால் நிழலே இல்லாமல் போகிறது. கோடை இரவு ஏற்கெனவே மிகக் குறுகியதாக இருக்கும் அட்சரேகையில், அந்தக் கொஞ்ச இருட்டையும் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுவரின் ஒரு பக்கத்தையாவது இருட்டில் விட்டு, கோடையில் விளக்கை அணைத்துவைப்பது செலவில்லாத தீர்வு. வடக்கின் வௌவால் பாதுகாப்பில் இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெண்மூக்கு நோய் என்பது என்ன? வடக்கையும் எட்டுமா?

குளிரை விரும்பும் ஒரு பூஞ்சையால் வருவது. 12 முதல் 16 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும், 20 டிகிரியைத் தாண்டினால் வளராது. உறங்கும் வௌவாலின் குளிர்ந்த தோல் அதற்குத் தோதான நிலம். மூக்கிலும் சிறகிலும் வெள்ளையாகப் பூக்கும். தொற்று ஏறிய வௌவால் அடிக்கடி விழிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு விழிப்பும் கொழுப்பைத் தின்னும் என்று மேலே சொன்னோம் அல்லவா? வசந்தம் வருவதற்குள் சேமிப்பு தீர்ந்து, பட்டினியால் சாகும்.

2006 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலக் குகை ஒன்றில் எடுத்த ஒளிப்படத்தில் முதல் அடையாளம் பதிவானது. அதன் பிறகு லட்சக்கணக்கில் இறந்தன. வட அமெரிக்காவின் மூன்று இனங்களில் 90 சதவீதத்துக்கும் மேலான சரிவு. 2016இல் கண்டத்தின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்தில் தென்பட்டது. அருகிலிருந்த பழைய நோயிடத்திலிருந்து அது ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தூரம். கனடா 2014இல் சிறு பழுப்பு வௌவால் உள்ளிட்ட மூன்று இனங்களை அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஐரோப்பாவிலும் இதே பூஞ்சை இருக்கிறது, ஆனால் அங்கே கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை. நெடுங்காலம் சேர்ந்தே வாழ்ந்து பழகியவை அவை. அங்கிருந்துதான் அமெரிக்காவுக்குப் போயிருக்க வேண்டும், மனிதரின் காலணியிலோ கயிற்றிலோ ஒட்டிக்கொண்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். குகைக்குப் போகிறவர்கள் ஒரு கண்டத்தில் பயன்படுத்திய உடையையும் கருவியையும் மறு கண்டத்துக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்ற விதி வந்தது அதனால்தான்.

அலாஸ்கா வௌவால்கள் ஒன்றிரண்டாகச் சிதறி உறங்குவது நோய் தாவும் வேகத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அங்கே குளிர்காலம் நீளம். கூடுதலாக விழித்துச் செலவழிக்க அந்த உடம்பில் மிச்சக் கொழுப்பு அதிகம் இல்லை.

பறவைகளைப் போலத் தெற்கே வலசை போகாதா?

சில போகும். நத்தூசியஸ் வௌவால் எட்டு கிராம் எடைதான். பால்டிக் பகுதியிலிருந்து தென்மேற்கு ஐரோப்பாவுக்குக் கோடை முடிவில் கிளம்பும். லாட்வியாவின் பாப்பே கடற்கரை ஆய்வு நிலையத்தில் வலசைக் காலத்தில் இவற்றைப் பிடித்து வளையமிடுகிறார்கள். 2016இல் லண்டன் அருகே வளையமிட்ட ஒரு பெண் வௌவால், 2021இல் ரஷ்யாவின் ப்ஸ்கோவ் பகுதியில் கிடைத்தது. 2,018 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் வந்ததைக் கடைசியில் ஒரு பூனை பிடித்துவிட்டது.

வடக்கு வௌவாலும் சிறு பழுப்பும் இப்படி நெடுந்தூரம் போவதில்லை. இருக்கும் பகுதியிலேயே தோதான உறங்குமிடம் தேடிக்கொள்கின்றன.

வலசை போகிறவற்றுக்குக் காற்றாலைகள் பெரிய ஆபத்து. கோடை முடிவில், காற்று மெல்ல வீசும் வெதுவெதுப்பான இரவுகளில்தான் சாவு அதிகம். அந்த நேரத்தில் மின் உற்பத்தியும் குறைவுதான். ஆகவே காற்று ஒரு குறிப்பிட்ட வேகத்தை எட்டும்வரை விசிறியைச் சுழலவிடாமல் வைத்தால் சாவு பாதிக்கும் கீழே குறைகிறது, மின் இழப்போ சொற்பம்.

வடக்கு வௌவால் சாதாரணமாகக் காணக்கூடியதுதானே, கவலைப்பட என்ன இருக்கிறது?

உலக அளவில் அது இன்னும் அச்சுறுத்தல் பட்டியலில் இல்லை. ஆனால் தென் ஸ்வீடனில் 27 கிலோமீட்டர் சாலையில், வாரம் ஒருமுறை, மீயொலிக் கருவியோடு வண்டியில் போய் எண்ணிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1988 முதல் 1990 வரை ஒரு தடவை, 2016, 2017இல் மறுபடி, அதே பாதை, அதே முறை. கருவியில் பதிவான வடக்கு வௌவால்கள் 59 சதவீதம் குறைந்திருந்தன. ஆண்டுக்கு மூன்று சதவீதம் என்றால் யாருக்கும் உறைக்காது. முப்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். சாதாரண இனம்தானே என்று யாரும் எண்ணாமல் விடுவதுதான் இங்கே ஆபத்து.

புவி வெப்பமானால் வடக்கு வௌவால்களுக்கு நல்லதுதானே?

குளிர்காலம் சுருங்கினால் சேமிப்புக் கணக்கு இளகும் என்பது சரி. 2002ஆம் ஆண்டு ஆய்வும் சிறு பழுப்பு வௌவாலின் எல்லை வடக்கே நகரும் என்றே கணித்தது. ஆனால் உறங்குமிடம் தேவைக்கு மேல் வெதுவெதுப்பானால் உறக்கத்திலும் கொழுப்பு வேகமாகக் கரையும். பனிப்போர்வை மெலிந்தால் கற்குவியலுக்குள் குளிர் இறங்கும். தெற்கத்திய இனங்கள் மேலேறி வந்தால் உணவுக்குப் போட்டி. வெப்பம் ஏறலாம், இரவின் நீளம் மாறாது. கோடையின் வெளிச்ச இரவுகள் அப்படியேதான் இருக்கும்.

சட்டப் பாதுகாப்பு உண்டா?

உண்டு. ஐரோப்பிய வௌவால்களுக்கான யூரோபேட்ஸ் ஒப்பந்தம் 1991இல் லண்டனில் கையெழுத்தாகி 1994இல் நடைமுறைக்கு வந்தது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன், பின்லாந்து அதில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணை, வௌவாலைக் கொல்வதோடு அது குட்டி போடும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் அழிப்பதையும் தடை செய்கிறது. கூரையைப் பழுது பார்க்கிறவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

ரேபிஸ் பயம் நியாயமானதா?

அளவோடு நியாயமானது. 1985இல் பின்லாந்தில் வௌவால் ஆய்வாளர் ஒருவர் வௌவாலிடமிருந்து தொற்றிய ரேபிஸ் வகை வைரஸால் இறந்தார். அதன் பிறகு வௌவாலைத் தொடும் வேலையில் இருப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டு, கையுறையோடுதான் தொடுகிறார்கள். பறந்து போகும் வௌவாலால் யாருக்கும் ஆபத்து இல்லை. கடிபட்டாலோ கீறல் விழுந்தாலோ உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.

வீட்டுக் கூரையில் கூட்டம் இருந்தால் என்ன செய்வது?

கோடையில் ஒன்றும் செய்ய வேண்டாம். அப்போது ஓட்டையை அடைத்தால் பறக்கத் தெரியாத குட்டிகள் உள்ளே மாட்டிக்கொண்டு சாகும். குட்டிகள் மூன்று நாலு வாரத்தில் பறக்கும், கோடை முடிவதற்குள் கூட்டம் தானாகக் கலையும். பழுதுபார்ப்பு, ஓட்டை அடைப்பு எல்லாம் அதற்குப் பிறகு. அதற்கும் முன்னால் உள்ளூர் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பல நாடுகளில் அனுமதி தேவை. கூட்டத்தை வெளியேற்றியே ஆக வேண்டும் என்றால் அருகிலேயே வெயில் படும் சுவரில் பெரிய வௌவால் பெட்டி ஒன்றை முதலில் மாட்டிவிடுங்கள். யூக்கானில் சிறு பழுப்பு வௌவால்கள் இப்படிப்பட்ட பெட்டிகளில் குட்டி வளர்க்கின்றன.

நடுக்குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஒன்று விழித்துத் தடுமாறினால் வெளியே வீசிவிடாதீர்கள். வெளியே அதற்கு இரையில்லை. கையுறை போட்டு, காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில் ஒரு துணியோடு வைத்து, குளிர்ச்சியான அமைதியான இடத்தில் விட்டுவிட்டு, வனவிலங்கு மீட்புப் பணியாளர்களை அழையுங்கள்.